டேப்லெட்டுக்கு நான் தைத்த உறை

மூன்று வருடத்துக்கு முன்னால், சித்திரை மாதத்தில் ஒரு காலை. கடலூரில், கடற்கரையை ஒட்டி இருக்கும் என் தம்பி வீட்டு மொட்டை மாடியில், நானும் தம்பியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தம்பி மகள் அன்றைக்கு முதல் தடவையாக, பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல், தன்னந்தனியாகச் சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறாள். பத்து மணி வாக்கில் மேற்கேயிருந்து வந்து, கடலைப் பார்த்ததும் தெற்கே திரும்பி, சிதம்பரம் வரை போய், அங்கிருந்து தன் பயிற்சிப் பள்ளிக்கே திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

நான் நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்காதவள். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. இதையெல்லாம் நேரில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். எழுத்து என்பதால் கூச்சம் கொஞ்சம் விலகி நிற்கிறது.

சிதம்பரத்தில் நாற்பது வருடமாகத் தையல் மிஷின்தான் எனக்குத் துணை. பிளவுஸ், பாவாடை தைத்தது போக மிச்சம் இருக்கும் துணியில் வீட்டில் உள்ள பொருளுக்கெல்லாம் உறை தைத்துப் போட்டுவிடுவேன். மிக்சிக்கு உறை, டிவிக்கு உறை, பிரிட்ஜ் தலைக்கு ஓரத்தில் சுருக்கம் வைத்த உறை. ரிமோட்டைக்கூட பிளாஸ்டிக் தாளில் போட்டுத் தைத்து வைத்திருப்பேன். தூசி படக்கூடாது, கீழே விழுந்தால் உடையக்கூடாது, அவ்வளவுதான் நினைப்பு. தம்பி மகளும் என்னிடம் வளர்ந்தவள். அவள் அம்மா இறந்த பிறகு எட்டாம் வகுப்பிலிருந்து என் வீட்டில் இருந்துதான் படித்தாள். கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பெண் விமானம் ஓட்டப் படிக்கிறாள் என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படித் தனியாகப் பறப்பதற்கு முன்னால் லீவுக்கு வந்தபோது ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரைக் காட்டினாள். பள்ளிக்கூடத்துச் சிலேட்டு அளவுதான் இருந்தது. அதில் வானத்து வழியெல்லாம் படமாக இருக்கிறது. விமானம் நகர நகர, படத்தில் ஒரு சின்னக் குறியும் நகர்கிறது. பெரிய காகித வரைபடத்தை அந்தச் சின்ன இடத்தில் விரித்து மடக்குவது கஷ்டம், அதனால் பயிற்சியில் இருப்பவர்கள் இதைத் தொடைமேல் கட்டிக்கொள்கிறார்கள் என்றாள். காகித வரைபடமும் கையில் இருக்கத்தான் வேண்டுமாம், அது பள்ளியின் சட்டம். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: டேப்லெட்டைத் தொடையோடு சேர்த்துக் கட்ட ஒரு பட்டி.

எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு விலையுள்ள சாமானை வெறும் பட்டியில் கட்டுவதா? அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சு வைத்தேன். சுற்றிலும் கறுப்பு ரெக்சின். முகப்பில் பிளாஸ்டிக் தாள். காற்றுகூடப் புக முடியாதபடி ஓரமெல்லாம் இரட்டைத் தையல். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள், அப்புறம் நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று வந்திருந்த தம்பிதான் கேலி செய்தான்.

“ஏன்க்கா, எங்க போட்டுல ஜிபிஎஸ் சட்ட துணி இல்லாமத்தான் கெடக்குது. அது வழி காட்டலியா?”

அதனால்தான் வருடத்துக்கு ஒன்று மாத்துற என்று நானும் பதிலுக்குச் சொன்னேன்.

மறுபடி அந்த மொட்டை மாடிக்கு வருகிறேன். பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. வானம் பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தது. கொக்கு பறந்தால்கூடக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். பத்தரையும் ஆயிற்று. கடலுக்குப் போன படகு திரும்பாதபோது வீட்டுப் பெண்கள் எப்படி நிற்பார்கள் என்று சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அப்படித்தான் நின்றேன்.

பத்தே முக்காலுக்குச் சத்தம் கேட்டது. வெள்ளையாக ஒரு சின்ன விமானம், கரையை ஒட்டியே வந்தது. நான் கையைத் தூக்கி ஆட்டினேன். தம்பி ஆட்டவில்லை.

“தெக்கேருந்து வருதுக்கா” என்றான். “மேக்கேருந்து தான வரணும்? வழி தப்பிப் போயிட்டு வருது.”

எங்கள் தலைக்கு மேலே வந்து, வடலூர் ரோடு போகிற திசையில் திரும்பி, மேற்கே போய் மறைந்தது. சிதம்பரம் பக்கம் போகவே இல்லை. அது எவ்வளவு பெட்ரோல் பிடிக்கும், எவ்வளவு மிச்சம் இருக்கும், எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒரு மணிக்கு மேல்தான் போன் வந்தது. இறங்கிட்டேன் அத்தை என்று ஒரு வார்த்தை.

நாலு நாள் கழித்துச் சிதம்பரத்துக்கு வந்தாள். முகம் சுருங்கி இருந்தது. நடந்ததைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். பண்ருட்டிப் பக்கம் வரும்போது டேப்லெட் திடீரென்று கறுத்துப் போயிருக்கிறது. காகித வரைபடம் பக்கத்து சீட்டில், பைக்குள், அடியில். டேப்லெட்டை எப்படியாவது எழுப்பிவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் விமானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே விலகியிருக்கிறது. அப்புறம் நிதானத்துக்கு வந்து, கிழக்கே போனால் கடல் வந்துதானே ஆகவேண்டும் என்று திசைகாட்டியைப் பார்த்து ஓட்டியிருக்கிறாள். கடல் வந்தது. கீழே கொள்ளிடம் கடலில் சேர்கிற இடம் தெரிந்தது. அங்கிருந்து கரையைப் பிடித்துக் கடலூர் வந்து, ரோட்டைப் பார்த்து மேற்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இவளை இன்னொரு தடவை தனியாக அனுப்பலாமா என்று ஆசிரியர் யோசிக்கிறாராம். அவர் வேண்டாம் என்றால் அவள் படிப்பு அங்கேயே நின்றுவிடும். டேப்லெட் ஏன் நின்றது என்று கேட்டேன். வெயில் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

எனக்குத் தம்பி சொன்னது ஞாபகம் வந்தது. அவன் போட்டில் அந்தக் கருவி வருடம் பூராவும் வெயிலில்தான் கிடக்கிறது. அது நிற்கவில்லை, இது ஏன் நின்றது?

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் குளிக்கப் போன நேரத்தில், டேப்லெட்டை உறையோடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் கட்டுகிற மாதிரியே என் தொடையில் கட்டிக்கொண்டு நடு வெயிலில் உட்கார்ந்தேன். வழிப்படத்தைத் திறக்க மட்டும் அவள் செய்ததைப் பார்த்து வைத்திருந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. படம் போய், காய்ச்சல் பார்க்கிற குச்சி மாதிரி ஒரு குறி வந்தது. இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது. உறையைக் கழற்றிக் கையை வைத்தேன். ஸ்பாஞ்சு பக்கம் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி சுட்டது.

ஒரு தடவை பார்த்தால் போதுமா? அடுத்த நாள் அதே நேரம், அதே இடம், உறை இல்லாமல் நாடாவில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றும் சூடாயிற்று. ஆனால் நிற்கவில்லை. எனக்குத் தலை சுற்றுகிற வரைக்கும், வழிப்படத்தில் விமானத்துக்கான அந்தச் சின்னக் குறி சிதம்பரத்திலேயே அசையாமல் இருந்தது. அப்போதுதான் அவள் மாடிக்கு வந்து என்னைப் பார்த்தாள்.

“அத்தை, என்ன பண்ற வெயில்ல?”

“உறைதான்டி. நான் தெச்ச உறைதான்.”

அவள் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். என் தொடையிலிருந்த நாடாவை அவிழ்த்துவிட்டாள்.

“தெரியும். அன்னிக்கு எறங்கிக் கழட்டும்போதே சுட்டுது.”

“அப்ப ஏன் சொல்லல? அங்கயும் சொல்லல?”

“சொன்னா நீ மிஷின் கிட்டயே போக மாட்ட. சார்கிட்ட சொன்னா, எங்க அத்தைய கொற சொல்ற மாதிரி ஆயிடும்.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, என்மேல். நான் வருத்தப்படுவேன் என்று பயந்து ஒரு பெண் தன் படிப்பையே விடத் தயாராக இருக்கிறாள். நாளைக்கு உன் பயிற்சிப் பள்ளிக்கு நானும் உன்னோடு வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். பையில் உறையையும், அளவு நாடாவையும், சாக்பீசையும் எடுத்து வைத்தேன். விடிந்ததும் பஸ் ஏறினோம்.

மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். ஆசிரியர் என் வயதுக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் அவர் அறைக்குள் நுழைந்ததும் வரவில்லை. உறையை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். உட்காரச் சொன்னார். உட்காராமல் நின்றபடியே, இதைத் தைத்தது நான், இதனால்தான் சூடேறி நின்றது, மாடியில் வைத்து இரண்டு நாள் பார்த்தேன், தப்பு என்னுடையது, பிள்ளையை மறுபடி அனுப்புங்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

அவர் உறையை எடுத்து ஸ்பாஞ்சை அழுத்திப் பார்த்தார். தையலைப் பார்த்தார். நல்லாத் தெச்சிருக்கீங்க என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“கட்டிக்கிட்டு ஏறினது நீ. மேப்பை பைக்குள்ள வெச்சது நீ. சுட்டுச்சுன்னு தெரிஞ்சும் எங்கிட்ட மறைச்சது நீ. மொத ரெண்ட கத்துக் குடுத்துடலாம். மூணாவத நான் கத்துக் குடுக்க முடியாது.”

அவள் தலை குனிந்தாள். இனிமேல் மறைக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். நான் பழியைச் சுமக்க வந்தவள், அவர் அதை முழுசாக என்னிடம் தரவில்லை. எனக்கு அது பிடிக்கவும் இல்லை. துணிந்து கேட்டேன்.

“அப்ப என் பங்கு ஒண்ணும் இல்லீங்களா?”

“இருக்கும்மா. இவ உங்ககிட்ட என்ன கேட்டா?”

“பட்டி மட்டும் கேட்டா.”

“அதத் தெச்சுக் குடுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். யாரும் என்னை அடிக்காமலே அடி வாங்கின மாதிரி இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் கேட்டதற்கு மேலே ஒன்றைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருப்பேன். எத்தனை பேர் இவளைப் போலவே ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆனால் நான் அங்கே இருந்து அப்படியே கிளம்பவில்லை. நின்றிருக்கிற விமானத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அந்நியர் ஒருவரிடம் நானாக வாய் திறந்து கேட்டது அதுதான் முதல். அவர் சிரித்துவிட்டு அழைத்துப் போனார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். உள்ளே ஆட்டோவைவிட இடம் குறைவு. எதிரே ஓட்டுகிற சக்கரம். அதைத் திருப்பினால் கை எங்கே வருகிறது, முழங்கால் எவ்வளவு நகர்கிறது, வெயில் எந்தப் பக்கமாக விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் பக்கத்து சீட்டில் இருந்து சொன்னாள். அளவு நாடாவால் அவள் தொடையை அளந்து சாக்பீசால் கையிலேயே குறித்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து, அகலமான எலாஸ்டிக்கில் ஒரு பட்டி, நாலு மூலையைப் பிடிக்க நாலு துண்டு. பின்பக்கம் ஒன்றும் இல்லை, காற்று போக வேண்டும். மேலே ஒன்றும் இல்லை. காகித வரைபடத்தை மடித்துச் செருக ஓரத்தில் ஒரு பை வைத்தால் ஆகுமா என்று போன் செய்து கேட்டேன். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். வைக்கலாம், ஆனால் இடது பக்கம் வை அத்தை என்றாள். நான் வலது பக்கம் என்று நினைத்து வைத்திருந்தேன். அவள் சொன்ன பக்கம் தைத்தேன். மாடியில் மறுபடி மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஆசிரியர் முதலில் அவளைத் தன்னோடு கூட்டிப்போனார். டேப்லெட்டை அணைத்துவிட்டு, காகிதத்தைப் பார்த்து ஓட்டச் சொன்னாராம். ஒரு மாதம் கழித்துத் தனியாக அனுப்பினார். அன்றைக்குத் தம்பி கடலூரிலிருந்து போன் செய்தான், மேற்கேயிருந்து வந்தது, தெற்கே திரும்பியாச்சு என்று. கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவுக்கு மேலே வெள்ளையாக வந்து, அகலமாக ஒரு திருப்பம் திரும்பிப் போனாள். நான் கையை ஆட்டினேன். அவளுக்குத் தெரிந்திருக்காது.

இப்போது அவளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. நானும் மிஷினை விடவில்லை. துணியை விரித்துக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால், வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன், அப்புறம்தான் வெட்டுகிறேன்.