பதினேழாவது அறிவுரை

சோய்லா குவாமானுக்கு ஆங்கிலத்தில் நாற்பது சொல்லுக்கு மேல் தெரியாது. ஆனாலும் எங்கள் குவென்கா ஊருக்குக் குடிவந்த வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே நடமாடப் பழகினார்கள். எனக்குத் தெரியாதா? விசா அலுவலகத்துக்கு எதிரே பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவள் கூட்டி வந்தவர்களின் பாஸ்போர்ட்டை எல்லாம் நகல் எடுத்தவள் இந்த எல்வியாதான்.

அலுவலகத்தில் காகித வேலைகளை முடித்துக் கொடுப்பது சோய்லாவின் தொழில். காகிதம் முடிந்த பிறகும் அவள் அவர்களை விடமாட்டாள். கையை ஆட்டி, போனில் மொழிபெயர்த்து, என் கடை வாசலிலேயே பாடம் நடக்கும்.

"முதல் வாரம் ராத்திரி சூப்போட நிறுத்திக்கங்க. இது மலை ஊரு, வயிறு அடம் பிடிக்கும். கடைக்குள்ள நுழைஞ்சா முதல்ல வணக்கம், அப்புறம்தான் சாமான். டாக்ஸிக்காரன்கிட்ட இருபது டாலர் நோட்டை நீட்டிடாதீங்க, சில்லறைக்கு அவன் எங்க போவான்? சந்தையில ஒரே பொம்பளைகிட்டயே வாங்குங்க. நாலாவது வாரம் அவளே கேக்காம ரெண்டு பழம் கூடப் போடுவா. பிளம்பர் 'இதோ வந்துட்டேன்'னு சொன்னா, நீங்க குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடுங்க."

கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கே சிரிப்பு வரும். "ஏன்டி, நம்ம மானத்தை இப்படி வாங்குற?" என்பேன். "உண்மையைச் சொன்னா கோவம் வருதா உனக்கு?" என்று என் நோட்டுப் புத்தகத்திலேயே ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு போவாள்.

அப்படி வந்தவள்தான் மார்லீன். ஒஹாயோவில் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கணவனை இழந்தவள். இரண்டு பெட்டியோடு தனியாக வந்து இறங்கினாள். மூன்றாவது வாரம், தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது கேஸ் தீர்ந்து, பச்சைத் தண்ணீர் கொட்டிவிட்டது. போனில் ஓவென்று அழுதிருக்கிறாள். சோய்லா சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மார்லீனுக்குச் சோய்லா வீட்டில்தான். நானும் அங்கே சாப்பிடுகிறவள். வேகவைத்த சோளத்தை அந்த அம்மாள் ஒவ்வொரு மணியாகத் தோல் உரித்துத் தின்பதைப் பார்த்தால் பொறுமை போய்விடும். ஆனால் நல்லவள் என்றுதான் நானும் நினைத்தேன். சோய்லாவின் அடுப்படியில் உட்கார்ந்துதான் எங்கள் பேச்சையே கற்றுக்கொண்டாள்.

நாற்பத்தொரு வயதில் சோய்லாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. புருஷன் லாரியில் போனால் போன இடம். பிரசவ ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர்கள் நானும் மார்லீனும். குழந்தைக்கு மார்லீன் என்றே சோய்லா பெயர் வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஞானத்தாய் என்றால் கோயிலில் போட்டோவுக்கு நிற்கிறவள் இல்லை. ஞானஸ்நானம் முடிந்த நிமிடத்திலிருந்து பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. கூடப்பிறந்தவளைவிட மேல். கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், கொமாத்ரேயோடு போட்டால் ஊர் காறித் துப்பும். பதினாறு வருடப் பழக்கம், அந்த இடம் எனக்குத்தான் என்று இருந்தேன். மார்லீனைக் கேட்கப்போவதாக அவள் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்?

"எனக்கு நீ இருக்கே எல்வியா, எப்பவும் இருப்பே. அவளுக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா? ஒரு சொந்தம் வேணாமா?" என்றாள்.

சரி என்று தலையை ஆட்டினேன்.

கேட்பதற்கும் முறை இருக்கிறது. நீல விளிம்பு போட்ட பெரிய தட்டில் நெருப்பில் வாட்டிய நாலு கூய், உருளைக்கிழங்கு, ஒரு முழுக்கோழி. கூய் என்பது நாங்கள் அடுப்படியிலேயே வளர்க்கும் கினிப்பன்றி. விசேஷத்துக்குத்தான் அதில் கைவைப்போம். தட்டை வாங்கிக்கொண்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம், அதற்கப்புறம் பின்வாங்கக் கூடாது. மார்லீன் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாளாம். "இதைவிட எனக்கு என்ன பெருமை வேணும்?" என்று கட்டிப்பிடித்து அழுதாளாம். வாயெல்லாம் பல்லாக வந்து சோய்லா என்னிடம் சொன்னாள். நான் "நல்லது" என்றேன்.

பத்து நாள் கழித்து, புதிதாக வந்த வெள்ளைக்காரர் ஒருவர் போனை நீட்டி, அதிலிருந்ததை அச்செடுத்துத் தரச் சொன்னார். புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு இருபது அறிவுரைகள். எழுதியவள் மார்லீன். நடுவில் ஒரு போட்டோ. அந்த நீல விளிம்புத் தட்டு எனக்குத் தெரியாதா? நாலு கூயும் வரிசையாகப் படுத்திருந்தன. எனக்கென்று இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு, அவர் போனதும் என் போனில் மொழிபெயர்த்துப் படித்தேன்.

ராத்திரி சூப், கடை வணக்கம், டாக்ஸி, சந்தைக்காரி, பிளம்பர். முதல் பதினாறும் கடைசி மூன்றும் சோய்லா வாசலில் நின்று சொன்னவை, வரிக்கு வரி. அவள் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. பதினேழாவது மட்டும் மார்லீனின் சொந்தச் சரக்கு.

"உள்ளூர்க்காரர்கள் பழகிய பிறகு, தங்கள் குழந்தைக்கு ஞானத்தாயாக இருக்கும்படி உங்களைக் கேட்பார்கள். பாசம் போலத் தெரியும். ஆனால் இது ஆயுள் முழுக்க உங்களிடம் உதவி கேட்பதற்கான வழி. முகத்துக்கு நேரே மறுத்தால் புண்படுவார்கள். சரி என்று சொல்லிவிடுங்கள். நாள் நெருங்கும்போது, அவசரமாக ஊருக்குப் போகவேண்டியிருக்கிறது என்று செய்தி அனுப்புங்கள்."

மூன்று முறை படித்தேன். அந்த நிமிடமே கடையைச் சாத்திவிட்டு ஓடியிருக்க வேண்டும். நான் காகிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது. சோய்லா தினமும் வந்தாள். கவுன் தைக்கக் கொடுத்ததைச் சொன்னாள், கேக்கில் இரண்டு மார்லீன் பெயரும் எழுதச் சொன்னதைச் சொன்னாள். அந்த அம்மாள் மனசு மாறினாலும் மாறும், நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். விழட்டும், விழுந்து என்னிடம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். வெள்ளிக்கிழமை காலை சோய்லா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"மார்லீன் செய்தி அனுப்பிருக்கா. தங்கச்சிக்கு ரொம்ப முடியலயாம், ஊருக்குக் கிளம்புறாளாம். பாவம்டி, எப்படித் தவிக்கிறாளோ. நான் பாதிரியார்கிட்ட சொல்லி நாளைத் தள்ளி வெச்சிடுறேன். அவ வந்தப்புறம் பாத்துக்கலாம்."

அவள் மார்லீனுக்காகப் பரிதாபப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து காகிதத்தையும், மொழிபெயர்ப்போடு என் போனையும் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தாள். "இது நான் சொன்னது. இதுவும் நான் சொன்னதுதான்," என்று விரலை வைத்துக்கொண்டே வந்தாள். பதினேழில் விரல் நின்றது. பிறகு தன் போனை எடுத்து மார்லீனைக் கூப்பிட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"பதினேழாவது படிச்சேன், மார்லீன்."

"சோய்லா, அது உன்னைப் பத்தி இல்ல. எல்லாருக்கும் பொதுவா எழுதினது."

"தட்டு என்னோடது."

"படம் அழகா இருந்துச்சு, அதனாலதான்..."

"உங்க தங்கச்சிக்குச் சீக்கிரம் குணமாகட்டும், மேடம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். நாலு வருடத்தில் ஒரு நாளும் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

எனக்கு அழுகை வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சந்தோஷமும் வந்தது. குழந்தைக்குக் கையை நீட்டினேன்.

"விடுடி. நான் இருக்கேன்ல? ஞாயித்துக்கிழமை நான் நிக்கிறேன். நாளையெல்லாம் தள்ள வேணாம்."

அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை. காகிதத்தின் மேல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அச்செடுத்த தேதி தானாகவே விழும் இடம் அது.

"ரெண்டாம் தேதி," என்றாள். "இன்னைக்கு இருபத்து மூணு."

"சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"கவுன் வெள்ளையா, கிரீம் நெறமான்னு கேட்டியே எல்வியா. இந்த இழுப்பறை மேல கையை வெச்சுக்கிட்டுத்தானே கேட்ட? அவ ஊருக்கெல்லாம் பொதுவாத்தான் எழுதினா. நீ என் மூஞ்சியைத் தினமும் பாத்துக்கிட்டே இருந்த."

காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழையாமலே கோயிலுக்குப் போனேன். தூணுக்குப் பின்னால், கடைசி வரிசையில் நின்றேன். பாதிரியார் ஞானத்தாயை முன்னே வரச் சொன்னார். குழந்தையை ஏந்திக்கொண்டு போனவள் கோயில் வாசலில் பூ விற்கிற பெண். ஞானத்தாயின் பெயர் என்ன என்று பாதிரியார் கேட்டபோது சோய்லாவும் அந்தப் பெண் பக்கம் திரும்பிப் பார்த்தாள், சோய்லாவுக்கும் அது தெரியவில்லை.