சம்பந்தி வீட்டுக் கிணறும் ஓர் ஐஸ் பாளமும்

அரியலூர்ப் பக்கம் நான் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது வைகாசியில் ஒரு கல்யாணம். பெண் அந்த ஊர், மாப்பிள்ளை குரும்பலூர். மறுநாளே மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேருக்கு வாந்திபேதி. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பொண்ணு வூட்டுக் கெணத்துத் தண்ணிதான் காரணம். பொண்ணு அங்கேயே போய்க் கெடக்கட்டும்."

புதுப்பெண்ணை ஆடிக்குத்தான் தாய்வீட்டுக்கு அழைப்பார்கள். இவளை வைகாசியிலேயே அனுப்பிவிட்டார்கள்.

"எங்க கெணறு சுத்தம்னு நீங்க சொன்னாதான் சார் நான் என் புருஷன் வூட்டுக்குப் போவ முடியும்" என்றாள். அழவில்லை, கொதித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மாமனிடம் போனேன். ஒரு கையில் குளுக்கோஸ் ஏறியது, மறுகை மீசையில் இருந்தது.

"அந்த வூட்டுத் தண்ணிய நான் கையாலகூடத் தொடல சார். நம்ம ஆளுங்களுக்கு நன்னாரி சர்பத் நானே கலக்குனேன். தண்ணி, ஐஸ் பாளம் எல்லாம் நம்ம ஊர்லேர்ந்து கொண்டாந்தது."

"ஐஸ்ல மரத்தூள் ஒட்டியிருக்குமே?"

"வர்ற வழியில குவாரிக் குட்டையில நல்லா அலசிட்டேன்ல! பச்சைப்பசேல்னு என்னா ஜோரான தண்ணி!"

அடப்பாவி மனுஷா! ஊரே கால் கழுவும் குட்டை அது. பல்லைக் கடித்துக்கொண்டு போய் அங்கேயும் ஒரு பாட்டில் பிடித்தேன்.

மாமனின் மல மாதிரியையும் சேர்த்து எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைப் பரிசோதனைக்கூடத்துக்கு பஸ் ஏறினேன். "ஐஸ்கிரீமா சார்?" என்றார் கண்டக்டர். "வாந்திபேதி" என்றேன். என்னைச் சுற்றி நாலு வரிசை சீட் காலியானது. பாடாலூர்க்காரர் ஒருவர் விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தார்.

கிருமியின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் வேலை அப்போது எங்களுக்கெல்லாம் புதுசு. முடிவு வர ஆனியும் பாதி போய்விட்டது. பெண் வீட்டுக் கிணற்றில் அந்தக் கிருமியே இல்லை. குட்டையில் இருந்ததும் மாமன் வயிற்றில் இருந்ததும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

குரும்பலூர் போய் எல்லார் முன்னிலும் சொன்னேன். மாமன் மீசையை நீவிக்கொண்டார்.

"அப்ப ரெண்டு வூட்டு மேலயும் குத்தமில்ல. குவாரிக்காரன் மேலதான் கேஸ் போடணும்!"

மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை. "கேஸ் அப்புறம் போடலாம். மொதல்ல நீயே போயி பொண்ண அழைச்சிக்கிட்டு வா."

தாம்பூலத் தட்டோடு கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். போய் உட்கார்ந்ததும் அந்தப் பெண் கிணற்றிலிருந்து அப்போதுதான் சேந்திய தண்ணீரைச் செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க மாமா."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். அதற்குப் பிறகுதான் அவள் பையை எடுக்க உள்ளே போனாள்.