பாதையடியில் ஓடிய ட்ரவுட்

ஒதீல் கோர்மியேவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் வடகோடியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட அவள் கால் பிரேக்கைத் தேடும். விடுமுறை விட்டதும் காட்டுக்குள் கிளம்பிவிடுவாள். யாரும் கொண்டுவந்து விடாமல், தானாகவே பிறந்து வாழும் ஓடை ட்ரவுட் மீன் எந்தக் குளத்தில் மிச்சமிருக்கிறது என்று தேடுவதில் அவளுக்கு அப்படியொரு பித்து. ஒன்றில் கண்டுவிட்டால் நிம்மதியா? இல்லை. அடுத்த குளம் மனசை அரிக்கத் தொடங்கிவிடும்.

அந்த ஜூன் மாதம் பெயரில்லாத ஒரு குளத்துக்குப் போனாள். இடுப்பு வலிக்காரனான கணவன் ரெஜிஸ், மர லாரிப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் வந்துரு. போன தடவ மாதிரி காயப் போட்டுராத."

"டோனட் இருக்கு, ரேடியோ இருக்கு. உனக்குப் பொண்டாட்டி எதுக்குய்யா?"

கருப்பு ஈக்கள் கடித்துத் தின்ன, நாள் முழுக்கத் தூண்டில் வீசினாள். வந்ததெல்லாம் மஞ்சள் பெர்ச் மீன். எவனோ தூண்டிலுக்கு இரையாகக் கொண்டுவந்த மீன் வாளியைக் குளத்தில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். பெர்ச் பெருகிய குளத்தில் ட்ரவுட் தங்காது. திட்டிக்கொண்டே திரும்பினாள்.

வண்டிக் கதவு திறந்து கிடந்தது. ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. ரெஜிஸைக் காணோம்.

"ரெஜிஸ்!"

சேற்றில் அவனுடைய ஊன்றுகோல் தடம் தெரிந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பாதைக்கு மேற்புறம், ஆல்டர் புதருக்குள், அவன் குப்புறக் கிடந்தான்.

"ஐயோ, என்னாச்சு உனக்கு?"

"கத்தாத! ஓடிரும்."

மூஞ்சி கழுவ அங்கிருந்த ஓடைக்கு வந்தானாம். ஊற்றுத் தண்ணீரில் டோனட் துணுக்கு ஒன்றைப் போட்டான். நிழலிலிருந்து ஒன்று பாய்ந்தது. வெள்ளை விளிம்பிட்ட துடுப்பு, நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி. சந்தேகமே இல்லை, ட்ரவுட்தான். ஓடையைப் பாதைக்கடியில் கொண்டுபோகும் குழாயின் வாய் குளத்துப் பக்கம் இடுப்புயரத்தில் தொங்குகிறது. கீழே குளத்திலிருக்கும் பெர்ச் அதில் ஏறி வர முடியாது.

காலையில் இந்த ஓடையைத்தான் அவள் திரும்பிக்கூடப் பாராமல் தாண்டிப் போயிருந்தாள்.

"நீ வண்டிய விட்டே எறங்க மாட்டியே!" என்றாள். கோபமா சந்தோஷமா என்று அவளுக்கே புரியவில்லை.

"தூரமாப் போகல, அதான் கெடச்சுது. கொஞ்சம் உக்காந்து பாரேன்."

உட்கார்ந்தாள். இரண்டு மீன் பார்த்தாள், மூன்றாவதையும் பார்த்தாள். அதற்குள் கழுத்து மேட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

"இந்தத் தண்ணி மேல எங்கேருந்து வருது?"

"போ தாயே, போ," என்றான் ரெஜிஸ். "என்னைத் தூக்கி நிறுத்திட்டுப் போ."