இரண்டு கட்டையில் ஒரு வால்ட்ஸ்

நான் பி.யூ.சி. தேறி வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் நெசவுக் குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், மருந்துச் சீட்டிலிருந்து ரயில் டிக்கெட் வரை எல்லாம் என் கைக்கு வரும். அப்படித்தான் அந்தச் சின்ன இசைத்தட்டும் வந்தது.

கொண்டுவந்தவர் என் அக்காவின் கணவர். நாங்கள் பாவா என்போம். திருத்தணியில் பேண்டு செட் வைத்திருந்தார். கிருத்திகைக்குக் காவடிகளுக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போகிற ஆறு பேர் செட். அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் ஓர் ஆங்கிலோ-இந்திய இன்ஜின் டிரைவர், தன் மகள் கல்யாணத்துக்கு அவர்களைக் கூப்பிட்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. பெண்ணும் அப்பாவும் முதலில் சேர்ந்து ஆட, தட்டில் உள்ள வால்ட்ஸை வாசிக்க வேண்டும். அது சரியாக வந்தால் அந்தக் குடியிருப்பில் இனி எல்லாக் கல்யாணமும் பாவாவுக்குத்தான்.

மைக்செட் கடையில் பிளேயர் இரவல் வாங்கி வந்தேன். தட்டின் நடுவே ஒட்டியிருந்த காகிதத்தில் 45 என்று போட்டிருந்தது.

“இது இன்னா நம்பர் மச்சான்?”

“தட்டோட நம்பர், பாவா” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. கடைக்காரர் கடைசியாக, மெதுவாகச் சுற்ற வேண்டிய பெரிய தட்டு போட்டிருந்தார் போல. வேகத்தின் குமிழ் முப்பத்து மூன்றில் நின்றது. அதை நான் தொடவே இல்லை.

வயலின்கள் கூட்டமாக, கனத்த குரலில், ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று இழுத்துக்கொண்டு வந்தன. கேட்டால் நெஞ்சை அடைத்தது. பாவா கிளாரினெட்டை வாயில் வைத்துச் சுருதி தேடினார். “ரெண்டு கட்டைல நிக்குது. கண்ணாலத்துக்கு இவ்ளோ தாழ்வாவா வெப்பாங்க?”

“வெள்ளக்காரங்க சங்கீதம் அப்படித்தான் பாவா.”

படித்தவன் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அழுதுகொண்டே சாதகம் செய்தார்கள். பக்கத்து வீட்டம்மா வந்து என் அக்காவிடம், “யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மதியம், ஒத்திகைக்காக அரக்கோணம் போனோம். கூடத்தில் மணப்பெண் அப்பாவின் தோளில் கை வைத்து நின்றாள். பாவா ஆரம்பித்தார். அவள் ஒரு சுற்றுச் சுற்றி, தூக்கிய காலை எப்போது கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

“என்ன மாஸ்டர், எனக்குக் கல்யாணமா, எங்க டாடிக்குக் கருமாதியா?”

டிரைவர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, “இன்னொரு வாட்டி வாசிங்க” என்றார். விரலால் எண்ணினார். “பாட்டு சரி. நாப்பத்தஞ்சுல போற வண்டிய முப்பத்துச் சொச்சத்துல ஓட்டிட்டு வரீங்க. பிளேயர்ல எதுல வெச்சீங்க?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாவா மட்டும் பார்க்கவில்லை. “குமிழைத் திருப்பவே இல்ல சார். அந்த நம்பர் வேகம்னு எனக்குத் தெரியாது” என்றேன்.

தட்டு வேகமாகச் சுற்றினால் பாட்டின் சுருதியும் ஏறும் என்று அவர்தான் சொன்னார். பாவா மனசுக்குள் கணக்குப் போட்டார். “அப்போ நெசமான பாட்டு அஞ்சு கட்டை. வெரலு எல்லாம் மாறிப்பூடும் சார். நாளைக்குள்ள ஆவாது.” கிளாரினெட்டைப் பெட்டியில் வைக்கப் போனார். போயிற்று, என்னால் போயிற்று என்று நினைத்தேன்.

“ரெண்டு கட்டையோ அஞ்சு கட்டையோ, என் காலுக்கா தெரியப் போவுது?” என்றாள் மணப்பெண். “ஃபாஸ்டா வாசிங்க மாஸ்டர், போதும்.”

வேகமாக வாசித்தார்கள். எட்டு அடி தாண்டுவதற்குள் பெரிய டிரம் காவடி நடைக்குப் போய்விட்டது. தட்டுகிறவர் ஆயுசு முழுக்க நடந்துகொண்டே வாசித்தவர். நிற்கிற இடத்திலேயே இடம் வலம் என்று கால் போட்டார். வால்ட்ஸுக்கோ மூன்று தட்டு; மூன்றாவதற்கு அவரிடம் கால் இல்லை.

“கையி கேக்குது, காலு கேக்க மாட்டேங்குது” என்றார்.

“அப்போ குந்து” என்றார் பாவா.

ஆறு பேரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பேண்டு செட் உட்கார்ந்து வாசித்து நான் அன்றுதான் பார்த்தேன். பெரிய டிரம்காரர் இரண்டு பாதத்தையும் நாற்காலிக் காலில் பின்னிக்கொண்டார். மூன்றாவது தட்டும் வந்தது. அதே சுரங்கள்தான், அதே தாழ்ந்த கட்டைதான். ஆனால் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பாட்டு, அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தவர்களைப்போல இருந்தது. தட்டில் இருந்திருக்கக்கூடிய சந்தோஷம் இது அல்ல. கொஞ்சம் நிதானமான சந்தோஷம். டிரைவர் மகளைச் சுற்றிவிட்டு, மூச்சு வாங்க, “நாளைக்கு இதே மாதிரி” என்றார். நான் கூடத்துக்கு வெளியே போய்க் குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் ஆட்டம் மூன்று நிமிஷத்துக்குள் முடிந்தது. இன்னொரு முறை கேட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் வேறொரு வீட்டுக்காரர் வந்து பாவாவிடம் தை மாதத்துக்குத் தேதி சொன்னார்.

திரும்பும்போது ஸ்டேஷனில் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. வண்டி வருகிற நேரம். டிரம்களை இறக்கி வைத்து, எல்லாரும் அவற்றின்மேலேயே சாய்ந்திருந்தார்கள்.

“இன்னா போட்டுகீறான், படி” என்றார் பாவா.

படித்தேன். சந்தேகத்துக்கு மறுபடியும் படித்தேன். “நம்ம வண்டி இன்னிக்கி அந்தப் பக்க பிளாட்பாரத்துல வருதாம் பாவா. பாலம் ஏறணும்.”

பக்கத்திலேயே ஒரு போர்ட்டர் நின்றிருந்தார். பாவா அவரைக் கேட்கவில்லை. “ஆங், எழுந்திருங்கடா” என்று சொல்லிவிட்டு, பெரிய டிரம்மின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கிக்கொண்டு படியேறினார்.