வாளியில் விழுந்த ஃபியூஸ் கட்டைகள்

சென்ற வருடம் மே மாதம், ஹைதராபாத்தில் குஷாய்குடா பக்கம் நாங்கள் குடியிருக்கும் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்தது இது. என் கணவருக்கு இங்கேதான் வேலை. எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அந்த வருடம் எங்கள் குடியிருப்போர் அசோசியேஷனுக்கு நான்தான் செயலாளர். திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வருடாந்தரக் கூட்டத்துக்கு யார் கடைசியாக வருகிறார்களோ அவர்கள் தலையில் அந்தப் பதவியைக் கட்டுவது எங்கள் கட்டடத்து வழக்கம். நான் அடுப்பில் வைத்த பால் பொங்கட்டும் என்று நின்றுவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். எல்லோரும் கை தட்டினார்கள். புதுப் புடவை நன்றாக இருக்கிறது போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மே மாதம் வெயில் எங்களை வறுத்தெடுத்தது. கரண்ட் அடிக்கடி போயிற்று. போனால் கீழே ஒரு பொது ஜெனரேட்டர் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் அதிலிருந்து ஒரு லைன். ஒரு ஃபேன், ஒரு லைட் எரியத்தான் அந்த லைன் என்று பேச்சு. ஆனால் எந்த வீட்டில் எது சொருகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த லைனுக்கான ஃபியூஸ் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் பின்னால், உள்பக்கம் இருந்தது. கட்டடம் கட்டிய காலத்தில் ஒருவரை ஒருவர் நம்பாமல் அப்படி வைக்கச் சொன்னார்களாம். டீசல் விலை ஏற ஏற, மாதாமாதம் நாங்கள் கட்டும் பராமரிப்புப் பணத்தை அந்த ஜெனரேட்டர் குடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு வழி பண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டோம்.

இரண்டாவது மாடியில் ஒரு கோயமுத்தூர்த் தம்பி இருக்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. அவர் எழுந்து, "வீட்டுக்கு ஒரு ஃபேன், ஒரு லைட்டுங்க. அதுக்கு மேல போட்டா தானா கட்டாகிற மாதிரி ஒரு கருவி இருக்குது. எல்லா வீட்டுலயும் மாட்டிரலாமுங்க்கா" என்றார்.

தரைத்தளத்து ரயில்வே அண்ணன் உடனே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அவர் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத் ஒர்க் ஷாப்புக்கு வந்துவிட்ட குடும்பம். அவர் தமிழில் பாதி இந்த ஊர்தான் இருக்கும்; ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'.

"கைக்கு? என் வூட்டுல எத்தினி ஃபேன் சுத்தணும்னு நீ கைக்கு சொல்றே?"

"நான் சொல்லலீங்க சார். அசோசியேஷன் சொல்லும்."

"அதான். இன்னிக்கு அசோசியேஷன் என் ஃபேனை எண்ணும். அங்க சர்க்கார் என் ஏ.சி.க்கு டிகிரி சொல்லப் போவுதாம். நாளைக்கு சட்டையில எத்தினி பட்டன் போடணும்னு ஆர்டர் வரும்."

ஏ.சி.யைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறக்கவே முடியாதபடி விதி வரப்போகிறது என்று அப்போது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. கூட்டம் ஜெனரேட்டரை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டது. கரண்டு எல்லோருக்கும் பொது, சர்க்கார் சொல்லாவிட்டால் யார் கேட்பார்கள் என்று ஒரு பக்கம். பில் கட்டுகிறவன் நான், என் வீட்டுக்குள் அவர்களுக்கு என்ன வேலை என்று இன்னொரு பக்கம். இலவச கரண்ட் கொடுத்துக் கெடுத்தார்கள் என்று ஒருவர். அது கிடைக்காதவர் பேசுகிற பேச்சு என்று இன்னொருவர். நான் செயலாளர் என்ற முறையில் எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ரயில்வே அண்ணன் சொன்னார்: "கேளு, குடுப்பேன். ஆர்டர் போட்டா நக்கோ. அவ்ளோதான்."

"கேட்டா யாருங்க சார் குடுப்பாங்க?" என்றார் தம்பி.

அப்போது முதல் மாடிப் பெண்மணி ஒருவர், "மூணாவது மாடியில டிசம்பர்லயே கூலர் ஓடிச்சு. டீசல் எங்க போகுதுன்னு அங்க கேளுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பதில் எனக்குச் சிக்கனம் கிடையாது, நானும்தான்.

மூன்றாவது மாடி அக்கா ஓரமாக உட்கார்ந்திருந்தார். நெல்லூர்ப் பக்கத்துக்காரர். கணவர் சனத்நகரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில்தான் வாடகைக்கு வந்திருந்தார்கள். அந்தக் கணவரை நாங்கள் வெளியே பார்த்ததே அபூர்வம். அக்கா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் போய், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "பர்வாலேது வதினா" என்றார். பரவாயில்லை அண்ணி என்று அர்த்தம். கூட்டம் எந்த முடிவும் இல்லாமல் கலைந்தது. டீசல் வாங்கவும் யாரும் ஒப்புதல் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், வானம் ஒரே நிமிடத்தில் கறுத்துப் பெருங்காற்று அடித்தது. தெருமுனை வேப்ப மரம் மின்கம்பிகளின் மேல் சாய்ந்தது. அப்புறம் ஆலங்கட்டி மழை. கரண்ட் போனது, ஜெனரேட்டர் கிளம்பியது, கொஞ்ச நேரத்தில் உறுமி அணைந்தது. காவலாளி மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது. பாரம் தாங்கவில்லை. யார் வீட்டில் எதைப் போட்டிருக்கிறார்களோ என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே படியிறங்கினேன். என் வீட்டில் அந்த லைனில்தான் இட்லி மாவு ஆடிக்கொண்டிருந்தது என்பது பாதிப் படியில் ஞாபகம் வந்தது. செயலாளர் மெதுவாகத் திரும்பிப் போய் கிரைண்டரை நிறுத்திவிட்டு, மறுபடி அதே கோபத்தோடு இறங்கினார்.

ஜெனரேட்டர் பக்கத்தில் மூன்றாவது மாடி அக்கா நின்றிருந்தார். காலில் செருப்பில்லை. முழுக்க நனைந்திருந்தார். காவலாளியின் கையைப் பிடித்து, போடு, போடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"கூலர் கிடையாது வதினா. ஆக்ஸிஜன் மெஷின். அவருக்கு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. டிசம்பரிலிருந்து எங்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த சத்தம் ஒரு மனிதரின் மூச்சு. பட்டறைத் தூசி அவர் நுரையீரலைத் தின்றுவிட்டது. கரண்ட் இல்லாவிட்டால் மாற்றுக்கு ஒரு சிலிண்டர் உண்டு. அதில் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. சிலிண்டர்க்காரர் போனில், பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது, வடிந்தால்தான் வண்டி வரும் என்கிறார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். எங்கள் பக்கம் வருகிற சாலையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, சுற்றி வர நேரமாகும் என்றார்கள். அதுவரை அந்த மெஷின் ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் மற்ற வீடுகள் எல்லாமே ஜெனரேட்டர் லைனை விட வேண்டும்.

சத்தம் கேட்டுப் படிக்கட்டுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே என் கண் ரயில்வே அண்ணன் மேல்தான் இருந்தது. அவர் திரும்பி வீட்டுக்குள் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போச்சு, இங்கேயும் நக்கோதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். கையில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. பிடுங்கியே எடுத்து வந்துவிட்டார்.

"ஸ்விட்சை அணைச்சா கை பழக்கத்துல மறுபடி போட்டுரும். இத நீயே வெச்சுக்கோ, தங்கச்சி."

படிக்கட்டில் ஒரு காலி வாளி கிடந்தது. அதில் அதைப் போட்டேன். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். கூலர் என்று சொன்ன முதல் மாடிப் பெண்மணி தன் வீட்டுக் கட்டையை வாளியில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் அக்காவின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்ட ஆரம்பித்தார். தம்பி கம்பெனியின் ஆன்லைன் மீட்டிங் நடுவில் இருந்தவர், காதில் இருந்த இயர்போனைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டபடி வந்தார். ஜெனரேட்டரை மறுபடி கிளப்பினோம். இந்தத் தடவை அணையவில்லை.

ஆனால் டீசல் தொட்டியின் அடியில்தான் இருந்தது. தம்பி பேண்ட்டை மடித்துக்கொண்டு, கேனைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் பெட்ரோல் பங்குக்கு நடந்தார். வெறும் கேனோடு திரும்பி வந்தார்.

"கேன்ல குடுக்கக் கூடாதுன்னு ரூலாமுங்க. ஆக்ஸிஜன் மெஷினுக்குன்னு சொன்னேன், கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். ரூல்னா ரூலுங்கிறான்."

பார்த்தாயா உன் ரூலை என்று ரயில்வே அண்ணன் குத்திக் காட்டியிருந்தால் நியாயமாகத்தான் இருந்திருக்கும். "என் வண்டியில டீசல் இருக்குது. டியூபு கொண்டா" என்று மட்டும் சொன்னார். ஷெட்டில் நின்ற அவருடைய பழைய காரிலிருந்து டீசலை வாயால் உறிஞ்சி இழுத்ததும் அவர்தான். கேனைப் பிடித்தது தம்பி. உறிஞ்சிய வேகத்தில் ஒரு வாய் டீசல் உள்ளே போய்விட்டது. துப்பி, இருமி, கண்ணில் நீர் வர, "ஹவ், இதுக்குத்தான் இந்த விலை" என்றார். அந்தச் சாயங்காலத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நான் மேலே போய்ப் பார்த்தேன். அக்காவின் கணவர் கட்டில் விளிம்பில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. என்னைப் பார்த்து ஒரு கையை லேசாகத் தூக்கினார். உட்காருங்கள் என்று உபசரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. எப்போதும் ஏதாவது கோமாளித்தனமாகப் பேசி நிலைமையைச் சமாளிப்பேன். அங்கே அவர் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு அக்காவோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அன்று கூட்டத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தெலுங்கும் தமிழுமாக மெதுவாகச் சொன்னார். சொல்லியிருந்தால் நீங்கள் பாவம் என்று விட்டுக்கொடுத்திருப்பீர்கள். அவருக்கு அந்தப் பாவம் பிடிக்காது. நாற்பது பேருக்கு நடுவில் உருகிய இரும்பை ஊற்றிய மனுஷர் அவர்.

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்களுக்கு இலவச மின்சாரம் உண்டு. ஆனால் குறிப்பிட்ட யூனிட்டுக்குள் இருக்கும்வரைதான். தாண்டினால் அந்த மாதப் பில் முழுவதையும் கட்ட வேண்டும். மெஷின் பகலும் இரவும் ஓடினால் அந்த அளவு தாண்டிப் போய்விடும். அதனால் மத்தியானங்களில் கணவரே அதை அணைத்துவிடுவாராம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, காற்று நன்றாக வருகிறது, எனக்கு ஒன்றும் இல்லை என்பாராம். அக்கா சமையலறையில் நின்றுகொண்டு அவர் இருமலை எண்ணுவாராம். தாங்க முடியாதபோது வந்து போட்டுவிடுவார். அவர் திட்டுவார். இவர் அழுவார். மறுநாள் மறுபடி அதே மத்தியானம்.

மொட்டை மாடியில் நாங்கள் மோர் குடித்துக்கொண்டே, சர்க்கார் வீட்டுக்குள் வரலாமா கூடாதா என்று தொண்டை வறளப் பேசியபோது, அந்தக் கேள்வி அந்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. உதவி செய்யப் போட்ட விதிதான். அதைப் போட்டவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. எங்கே போய்க் கோபப்படுவது என்று தெரியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் சிலிண்டர் வந்துவிட்டது. அந்த ஆள் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டுத் தோளில் சுமந்தே கொண்டுவந்தார். பின்னாலேயே ஆம்புலன்ஸும் வந்தது. வந்தவர்கள் பரிசோதித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதில்லை, மெஷினை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த கூட்டத்தில் ரயில்வே அண்ணன், லிஃப்டும் மோட்டாரும் ஓடுகிற பொது மீட்டரிலிருந்து அந்த மெஷினுக்கு ஒரு லைன் போடலாம் என்றார். அக்கா உடனே எழுந்து, வேண்டாம் என்று கை கூப்பினார். தர்மம் வேண்டாம் என்றார்.

"தர்மம் யார் பண்றாங்கம்மா?" என்றார் அண்ணன். "நான் தரைத்தளம். இந்தக் கட்டடத்து லிஃப்ட்ல நான் ஏறினதே இல்ல. இத்தினி வருஷமா லிஃப்ட்டுக்குக் கட்றேன். ஒருத்தராச்சும் எனக்குக் கை கூப்பினீங்களா?"

"அதானுங்க்கா. லிஃப்ட் மாதிரி நெனச்சுக்கோங்க" என்றார் தம்பி. அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரைக் கேட்டுவிட்டு வந்தார். அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தண்ணீர் மோட்டார் போடும் வேலையை இனி அவர்கள் வீடுதான் பார்க்குமாம், காலையும் மாலையும். சரி என்றோம். அந்த லைன் போட்ட பிறகு மத்தியானங்களில் மெஷின் நிற்பதில்லை. தண்ணீரும் தொட்டியில் வழிவதில்லை.

ஒரு வீட்டுக்குள் சர்க்கார் எவ்வளவு தூரம் வரலாம் என்ற வாதம் எங்கள் மொட்டை மாடியில் இன்னும் முடியவில்லை, எனக்கும் அதற்கு விடை தெரியாது. ஆனால் ஒரு மனிதர் தான் எவ்வளவு மூச்சு விடலாம் என்று ஒவ்வொரு மத்தியானமும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது, அதே படிக்கட்டில் தினமும் ஏறி இறங்கிய எங்கள் யாருக்குமே தெரியாமல் போனதே, அதற்கு எந்தச் சர்க்காரையும் குற்றம் சொல்ல முடியாது.