பக்கம் திருப்பும் இடங்கள்

குற்றாலத்தில் சீசன் முடிந்துவிட்டால் பங்களாக்களில் ஆள் இருக்காது. அப்படிப் பூட்டிக் கிடந்த ஒன்றில்தான், அறுபதுகளின் நடுவில், நானும் எங்கள் பள்ளிக்கூடத்து வரலாற்று டீச்சரும் சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்தோம். கேட்பதற்கு ஒரே ஒருவர். கடையநல்லூர் நெசவுக் குடும்பம், எங்கள் வயதுதான். காலேஜில் படிக்கும்போதே கண் போய்விட்டது. பி.ஏ.வை முடிக்காமல் விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். அவருடைய மச்சான் கொழும்பிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்; அதனால் அது பங்களாவிலேயே கிடந்தது, அவர் அங்கே வந்துதான் கேட்பார்.

தென்காசியில் படித்தால் பஸ் ஹார்னும் சேர்ந்து பதிவாகிறது என்றுதான் குற்றாலத்துக்குப் போனோம். அருவி இரைச்சலை மறந்துபோன புத்திசாலிகள் நாங்கள். ஜன்னல்களில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, புழுக்கத்தில் வெந்துகொண்டே படித்தோம். எங்களுக்குள் ஒரு விதி உண்டு. பக்கம் முடிந்ததும் வாயை மூடிவிட வேண்டும். மைக்கை விட்டு விலகி, தாள் சலசலக்காமல் திருப்பி, சற்றுப் பொறுத்துத்தான் அடுத்த வரி. அந்த இடைவெளியில் அவர் கேட்டதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்வார்.

ஐப்பசியில் வரலாற்று டீச்சர் காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் பங்களாவுக்குப் போனேன். கதவைத் திறக்கும்போதே உள்ளே அவள் குரல். ஒரு போர் எப்படி முடிந்தது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் டேப் சுருளைப் போட்டுப் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று புரிவதற்குள் நான் வெளியே இறங்கிவிட்டேன். கணக்கு டீச்சர், பேய் பிசாசை நம்பாதவள் என்ற வீறாப்பெல்லாம் வாசற்படியோடு போயிற்று.

விஷயம் காதுக்கு எட்டியதும் அவள் அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார்.

“கல்யாணம் ஆகாமப் போன பிள்ள, டீச்சர். கொரல் கேக்குத எடத்தச் சுத்திக்கிட்டேதான் கெடப்பா. அவளப் போகவுடுங்க. அத அழிச்சிருங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“அழிச்சிருங்க டீச்சர். பெத்தவுக சொல்லுதாவ” என்றார் பாடம் கேட்கிறவரும்.

அழிப்பதென்றால் அதே சுருளில் வேறு குரலைப் பதிய வேண்டும். புதுச் சுருளுக்கு எங்கே போவது? பரீட்சையும் நெருங்கிவிட்டது. அவள் படித்த பாடத்தையே அவள் குரலின் மேல் நான் படித்தேன். செத்தவளின் வாயைப் பொத்துவது போலிருந்தது.

படித்து முடித்து அவருக்குப் போட்டுக் காட்டினேன். முதல் பக்கம் முடிந்து என் குரல் நின்றது. அவர் சட்டென்று கையை உயர்த்தினார்.

“டீச்சர், நீங்க பக்கம் திருப்புத எடத்துல அவுக படிக்காவ.”

மிஷினில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். எனக்கு அருவிதான் கேட்டது. பழைய மிஷின், முழுசாக அழிக்காது என்று மச்சான் பிற்பாடு விளக்கம் சொன்னார். சரிதான். ஆனால் பாடம் கேட்டவர் அன்று சொன்ன இன்னொன்றுக்கு அந்த விளக்கத்தில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

“உங்களுக்கு ஒரு வரி முன்னாலயே போறாவ. நீங்க அடுத்த பக்கம் தொடங்குததுக்குள்ள அவுக தொடங்கிருதாவ.”

மறுபடியும் அதன் மேலேயே படித்தேன். அப்போதும் கேட்கிறது என்றார்.

அடுத்த வாரம் அம்மா வந்தார். “அழிஞ்சுட்டா?” என்றார். ஆமாம் என்று நான் சொன்னதை நம்பவில்லை. அவரிடம் திரும்பி, “ஒங்களுக்குத்தான் காது கூர்மை. நீங்க கேட்டுச் சொல்லுங்கய்யா” என்றார்.

சுருளைப் போட்டேன். என் குரல் ஓடி, பக்கம் முடிந்து நின்றது. அவர் தலையைக் குனிந்திருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. எனக்குக் கேட்காத ஒரு வரியை அவளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பக்கத்திலும் அப்படியே. பிறகு மிஷினை நிறுத்தச் சொன்னார்.

“ஒண்ணுங் கேக்கலம்மா. போயிட்டாவ.”

அம்மா நிம்மதியாக எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. மிஷின் மேல் கையை வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமேயா கேக்கல?” என்றார். “இன்னொரு தடவ போடுங்க டீச்சர். நல்லாக் கேளுங்கய்யா.”