முதலில் தட்டிய கை

மாலதி மிஸ்ஸை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக் கடை மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அப்போது பதினோரு வருடமாக அவர்தான் ஒரே டீச்சர். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. அகரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். வழியெல்லாம் ஆங்கிலப் பேப்பரில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'தி'க்களை (the) எல்லாம் பேனாவால் வட்டமிடுவார். அப்படித்தான் அவர் ஆங்கிலம் கற்றது.

வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பேசுகிறவர் 'தி' வர வேண்டிய இடத்தில் விட்டாலும், வேண்டாத இடத்தில் போட்டாலும் மற்றவர்கள் பெஞ்சைத் தட்ட வேண்டும். ஒரு கை தட்டினால் போதும், மற்ற கைகள் தானாக விழும்.

என் ஊர் ஆத்தூர். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. முதல் நாள் வகுப்பில் எழுந்து நின்று என்னைப் பற்றி ஐந்து வாக்கியம் பேசினேன். ஏழு முறை தட்டினார்கள்.

"டிகிரி வாங்கத் தெரிஞ்சுச்சு. 'தி'யை மட்டும் ஆத்தூர் டேம்லயே விட்டுட்டு வந்துட்டியா தாயி?" என்றார் மிஸ். வகுப்பே சிரித்தது.

இரண்டு வருடத்தில் நானும் அங்கே டீச்சரானேன். தட்டுவதை நிறுத்தலாம் என்று மிஸ்ஸிடம் சொன்னேன்.

"எனக்கு யாரு நோகாமச் சொல்லிக் குடுத்தா? போ, சாக்பீஸ எடுத்துட்டு வா."

மே மாதம் முதலாளி மதன்குமார் வந்தார். "இனி ஒரு டீச்சர்தான். ரெண்டு பேரும் பத்துப் பத்து நிமிஷம் எடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

நான் எடுத்து முடித்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மிஸ் எழுந்தார். முதலாளியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஊர்ப் பெயருக்கு முன்னால் 'தி' வராது என்று எங்களைத் திட்டித் தீர்த்தவர், "ஐ கம் ஃப்ரம் தி அகரம்" என்றார்.

யாரும் அசையவில்லை. மிஸ்ஸுக்கு எப்படித் தட்டுவது? முதலாளி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கவனித்திருக்கவே மாட்டார்.

நான் தட்டினேன். முப்பது கைகள் கூடவே விழுந்தன. முதலாளி நிமிர்ந்தார்.

வேலை எனக்குத்தான் என்றார். மறுநாள், விட்டுப்போன டிபன் டப்பாவை எடுக்க மிஸ் வந்தார்.

"தப்பு என்னுதுதான். மொதல்ல தட்டுனது யாரு?"

"கவனிக்கல மிஸ்."

"சத்தம் கடைசி பெஞ்சுலருந்து வந்துச்சு. பொய்யவாவது உருப்படியாச் சொல்லு." திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

இப்போது வகுப்பு என்னுடையது. தட்டுவதை நிறுத்த நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் சொல்லவில்லை. நேற்று புதிதாகச் சேர்ந்த ஏஞ்சலின் ஒரு 'தி'யை விட்டாள். எல்லோரும் தயங்கினார்கள். முதல் கை என்னுடையதுதான்.